உங்கள் மகளின் நெட்வொர்க்கும் என் இடுப்பெலும்பும்

ராஜகீழ்ப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜமீர் பாய் அவர்களுக்கு நசீருதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும் கூத்தாநல்லூரில் சர்வ சுகத்துடன் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இப்போதைக்கு அந்தத் தொழுகையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் நடக்கிறது. காரணம் பின்னால் வரும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசுவது பேச்சே அல்ல என்று தாங்கள் நினைப்பதால் நானும் பேப்பரிலேயே பதில் எழுதுகிறேன். தங்கள் ஊர்க்காரர் யாரோ ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, எதிர் வீட்டு மொட்டை மாடியில் முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி, சுற்றி ஏழெட்டு ஆண்களை அதட்டிக்கொண்டு நின்ற பெண் தங்கள் மகள் தபஸ்ஸும்தான் என்று சத்தியம் செய்ததாக எழுதியிருந்தீர்கள். “ஏசி அறையில் உட்காருவதற்காகத்தான் இன்ஜினியரிங் படிக்க வைத்தேன், கொத்தனார் மாதிரி மாடி மாடியாக ஏறுவதற்கு அல்ல, மாமனாராக நீங்கள்தான் இதை நிறுத்த வேண்டும்” என்றும் எழுதியிருந்தீர்கள். நூற்றுக்கு நூறு சரி. நானும் அதே கட்சி. இதற்கிடையில் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்குமான அடுத்த கட்ட வேலைக்கு அவளையே தலைமை ஏற்கச் சொல்லி அவளுடைய கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் என்னிடம் வந்து, “அத்தா வேண்டாம்னு சொன்னா நான் போகலை மாமா. அத்தா மனசை நோகடிச்சுட்டு எனக்கு எந்த வேலையும் வேண்டாம். நீங்களே எழுதிக் கேளுங்க” என்று சொல்லிவிட்டாள். ஆகவே தாங்கள் முடிவெடுக்க வசதியாக, நடந்ததை ஒரு பக்கமும் சாயாமல் எழுதுகிறேன். இடுப்பு இருக்கிற நிலையில் சாயவும் முடியாது.

முதலில் அவள் என்னதான் வேலை செய்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஏரி உடைந்து தெருவில் தண்ணீர் நின்ற அந்த டிசம்பரில், ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தோம், ஒருவருக்கும் லைன் போகவில்லை. அதில் கொடுமை என்னவென்றால், காப்பாற்ற வந்த தீயணைப்புக்காரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் கையில் வைத்திருந்தது நம்முடைய அதே போன்தான், அவர்களும் நம்மைப் போலவே அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் இவர்களுக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க்: தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் மூன்றும் ஒன்றோடொன்று பேசலாம், படம் அனுப்பலாம், நோயாளியின் இதயத் துடிப்பை ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஓடும் வண்டியிலிருந்தே காட்டலாம், ஊரே செத்துக் கிடந்தாலும் அது மட்டும் வேலை செய்யும். அதன் கம்பங்களை எங்கே நட்டால் எந்தச் சந்து வரை சிக்னல் போகும் என்று திட்டம் போடுவதுதான் தங்கள் மகளின் வேலை. வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிற ஆள் அவள் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் ஏறுகிறாள், ஒவ்வொரு அடுக்குமாடியின் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடத்திலும் இறங்குகிறாள். அடுத்த கட்டத்துக்காக முன்கூட்டியே அளக்கப் போன ஊரப்பாக்கத்தில் கன்னியம்மா என்ற ஒரு வீட்டுக்காரம்மா, “இன்னாம்மா அளந்துகினு கீறே? ரோடு போட என் வூட்ட இடிக்கப் போறியா?” என்று துடைப்பத்தோடு மாடிக்கே வந்துவிட்டாராம். அரை மணி நேரத்தில் அதே அம்மா சிக்னல் அளக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, இவள் அவர் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டே அளந்திருக்கிறாள். கூடுவாஞ்சேரியில் ஒரு மனை வியாபாரி இவளைப் பார்த்ததும் ஏதோ பெரிய கம்பெனி வருகிறது என்று அன்றைக்கே விலையை ஏற்றிவிட்டார். ஆண்களை அதட்டினாள் என்று எழுதியிருந்தீர்கள், அது மட்டும் உண்மை. மழையில் அவர்கள் ஈரக் கைப்பிடிச் சுவரில் ஏறினால் அதட்டாமல் கொஞ்சவா முடியும்?

அடுத்து, மூன்று துறைக்காரர்களையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தீயணைப்பு வராது, தீயணைப்பு நிலையத்துக்குப் போலீஸ் வராது. எங்கே வைப்பது என்று பிள்ளை தவித்ததால், நம்முடைய பந்தல் கடை குடோனையே ஒழித்துக் கொடுத்தேன். அவள் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து யக்ஞநாராயணன் என்ற பெரிய அதிகாரி வருகிறார் என்றதும், மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தை நடுவில் போட்டேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார், பிறகு கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. தீயணைப்பு அதிகாரி சவுரிமுத்துவும் இன்ஸ்பெக்டர் தசரதனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஆம்புலன்ஸ் அதிகாரி எதிரே. ஆளுக்கொரு வாக்கி டாக்கி வைத்திருந்தார்கள், ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்காது. இத்தனை வருஷமாக ஒரே விபத்துக்குப் போய் நின்று கையைக் காட்டித்தான் பேசிக்கொண்டார்களாம். கூட்டத்தில் பிரச்சினை எங்கே வந்தது என்றால், நெரிசல் வந்தால் யாருக்கு முதல் இடம் என்பதில். மூன்று பேருக்கும் முதல் இடம் வேண்டும். தபஸ்ஸும், “துறையைப் பார்த்து இடம் கிடையாது சார். யார் கையில அந்த நேரத்துல ஒரு உயிர் இருக்கோ அவங்களுக்குத்தான் முதல் இடம். மத்தவங்க லைனை நெட்வொர்க்கே எடுத்து அவங்களுக்குக் குடுத்துடும்” என்றாள். டீ கொடுத்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதெப்படிம்மா? பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவனைப் பாதியில எழுப்புறதா? முப்பது வருஷமா கல்யாணத்துக்கு நாற்காலி போடுறேன், அந்தப் பாவத்தை நான் பண்ணினதில்லை” என்று சொல்லிவிட்டேன். சபையில் மாமனார் இப்படிக் குறுக்கே பேசினால் வேறு பெண் முகத்தைச் சுளித்திருப்பாள். தங்கள் மகள் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “சரி மாமா, யாரையும் எழுப்ப வேணாம். முதல்ல, ரெண்டாம் தடவை பிரியாணி கேட்கிறவங்களுக்கு மட்டும் நிறுத்துவோம். அதாவது அவங்க வீடியோ மங்கலாகும், ஆனா பேச்சு இருக்கும். அதுக்கும் மேல இடம் போதலைன்னாதான் எழுப்பறது” என்றாள். மூன்று துறையும் தலையாட்டின. அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் பந்தி, பிரியாணி என்றுதான் பேசிக்கொண்டார்கள். சம்பந்தி, அந்தச் சிம்மாசனத்தில் அவளைத்தான் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் தாங்கள் சொன்னதுதான் சரி.

பிறகு சோதனை நாள் வந்தது. அதில் தேறினால்தான் தாம்பரம் பக்கத்துக்கு இந்த நெட்வொர்க், தேறாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். தற்காலிகமாக ஒரு கம்பம் நட்டு, நாற்பது பேர் கையில் சோதனைப் போன்களைக் கொடுத்து ஒரே நேரத்தில் வீடியோ பேச விட்டு, நெட்வொர்க்கை மூச்சு முட்ட வைத்துவிட்டு, நடுவில் ஒரு ஆம்புலன்ஸ் வந்தால் அதற்கு லைன் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை. “நம்ம சொந்தக்காரங்க எதுக்கு இருக்காங்க? வீடியோவுல பேசச் சொன்னா சோறு தண்ணி இல்லாம பேசுவாங்க” என்று மார்தட்டினேன். மைதானத்தில் ஷாமியானா, நாற்காலி, சிம்மாசனத்தில் யக்ஞநாராயணன். அடிபட்டவனாக நடிக்க நம் கடையில் வேலை செய்யும் சேட்டு தக்காளிச் சாஸ் பூசிக்கொண்டு தரையில் படுத்திருந்தான். நாற்பது பேரும் துபாய், பினாங்கு என்று பேசித் தள்ளினார்கள். திரையில் நெரிசல் சிவப்பாக ஏறியது. அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பொறுப்புணர்ச்சி வந்ததோ, எழுந்து நின்று, “ஆம்புலன்ஸ் வருது! எல்லாரும் போனை வைங்க, வழி விடுங்க!” என்று கத்தினேன். நம் சொந்தக்காரர்கள் எப்படிப்பட்ட மரியாதைக்காரர்கள் என்று தங்களுக்குத் தெரியும். நாற்பது பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் வைத்துவிட்டார்கள். நான் பெருமையோடு மருமகளைப் பார்த்தேன். யக்ஞநாராயணன், “நெரிசல்ல வழி கிடைக்குதான்னு பார்க்கத்தானே வந்தோம். இங்க ரோடே காலியா இருக்கே. இதுல எதை நிரூபிச்சீங்க?” என்றார்.

தபஸ்ஸும் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்கும் ஆறியிருக்கும். அவளோ சிரித்துவிட்டாள். “தப்பு உங்க மேல இல்ல மாமா. இப்படி எல்லாரும் வழி விட்டுடுவாங்கன்னு நான்தான் யோசிக்கலை. சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பிரியாணி அண்டா மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. ஏதாவது செய்து இந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று பார்த்தால், பெரிய அதிகாரியின் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஏறி, ஷாமியானாத் துணியை இழுத்தேன். நாற்காலி உடையவில்லை, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், நம் கடை நாற்காலி உடையாது. வழுக்கியது. நான் யக்ஞநாராயணன் காலடியில் விழுந்தேன்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? தரையில் படுத்திருந்த சேட்டு எழுந்து உட்கார்ந்து, “இன்னா பாய், அடிபட்டவன் நானு. நீ எதுக்கு வுயுந்தே?” என்றான். நாற்பது சொந்தக்காரர்களும் நாற்பது சோதனைப் போன்களையும் என் பக்கம் திருப்பி, உலகம் பூராவுக்கும் காட்ட ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை ஒருவர்கூட வழி விடவில்லை, ஒருவர்கூட போனை வைக்கவில்லை. நெரிசல் காலையைவிட இரண்டு மடங்கு. தங்கள் மாப்பிள்ளை, என் மகன் இர்ஃபான், இரண்டு பேரோடு ஓடிவந்து ஆளுக்கொரு கையாகத் தூக்கி ஆட்டோவில் போடப் பார்த்தான். ஆம்புலன்ஸில் வந்திருந்த கோகிலவாணி என்ற பெண், “யாரும் தொடாதீங்க சார்!” என்று ஒரு அதட்டல் போட்டு, தன் கேமராவை என் கால் மேல் பிடித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அந்தத் திரையில் தெளிவாகத் தெரிந்தார், அவருக்கு என் கால் தெளிவாகத் தெரிந்தது. “பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கு பாருங்க, இடுப்பெலும்பு போயிருக்கு. உட்கார வைக்காதீங்க, அசைக்காம பலகையில கட்டிக் கொண்டு வாங்க” என்றார். அதே நேரத்தில் சுற்றியிருந்த நாற்பது படமும் முதலில் மங்கலாகி, பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. பினாங்கில் இருக்கும் என் கொழுந்தியாள் என்னைத் தூக்க வந்தவரைக்கும்தான் பார்த்தாளாம், மிச்சத்தைக் காட்டாமல் கட் பண்ணியது யார் என்று இன்னும் என் மனைவி ருக்ஸானாவிடம் சண்டை போடுகிறாள். தபஸ்ஸும் ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள், மடியில் லேப்டாப். வலியில் நான், “ரிசல்ட் என்னம்மா?” என்றேன். “பேசாதீங்க மாமா” என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, “டாக்டர் படம் ஒரு இடத்துலகூட விட்டுப்போகலை மாமா” என்று சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு வந்திருந்தால் இந்த மனிதர் மறுபடி நடந்திருப்பாரா என்பது சந்தேகம்தான் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். நேற்று நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தேன். சம்பந்தி, நான் பெற்றது ஒரு மகனைத்தான். அவன் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட இருந்தான். தாங்கள் பெற்ற மகள்தான் என்னை நடக்க வைத்தாள். இதை எழுதும்போது கண் கலங்குகிறது, வயதாகிவிட்டதல்லவா.

ஆனால் இதையெல்லாம் தாங்கள் கணக்கில் எடுக்கக் கூடாது. பெற்றவர் தாங்கள், உரிமை தங்களுடையது. மாடி ஏறுவது ஆபத்துதான், வெயில் கொடுமைதான், ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள்தான். வேண்டாம் என்று தாங்கள் ஒரு வரி எழுதினால், அவள் முகம் வாடாமல் அந்த வேலையை விட்டுவிடுவாள், நானும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். கூடுவாஞ்சேரிக்காரர்கள் பழையபடி கையைக் காட்டிப் பேசிக்கொள்ளட்டும். தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டுக் காத்திருக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு ருக்ஸானாவின் சலாம். தங்கள் வீட்டில் பரக்கத்தும், தங்கள் மூட்டுகளுக்கு என்னுடையதைவிட நல்ல ஆயுளும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
நசீருதீன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தபஸ்ஸும் அறைக்குள் வந்து, “அத்தாகிட்ட இருந்து பதில் வந்துச்சா மாமா?” என்று கேட்டாள். நான் அன்றைக்கே எழுதிக் கேட்டுவிட்டேன் என்று அவள் நினைப்பு; தாங்கள் கண்டித்து எழுதிய கடிதமோ என் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். “வந்துச்சும்மா, தாராளமா போகச் சொல்லிட்டாரு” என்று என் வாய் சொல்லிவிட்டது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, “அத்தாவா? எங்க அத்தாவா சொன்னாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். உடனே யக்ஞநாராயணனுக்குப் போன் போட்டு, வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே தாங்கள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டீர்கள், வாழ்த்துகள். தாங்கள் போனை எடுக்கமாட்டீர்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே நன்றி சொல்லக் கூத்தாநல்லூருக்கு வருகிறாள். அதற்குள் இந்தக் கூரியர் வந்து சேர்ந்துவிடும். என்னைப் பொய்யனாக்குவதா வேண்டாமா என்பது தங்கள் விருப்பம். நான் கேட்பது ஒன்றுதான்: கதவைத் திறந்ததும் எதுவும் சொல்லாமல், முதலில் அவள் முகத்தைப் பாருங்கள்.