வகை: எதுவானாலும் சரி

'வகை' என்ற கட்டத்தில் அந்த மனிதர் "எதுவானாலும் சரி" என்று எழுதியிருந்தார்.

வகைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்படியேதான் இருந்தது. பதினோரு வருட வேலையில் அந்தக் கட்டத்தில் பொய் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறார். காலியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறார். எதுவானாலும் சரி என்று கையை விரித்தவர் இவர்தான் முதல் ஆள்.

வீடியோ கேம் விற்கும் கடை அது. கடை என்றால் ஷட்டரும் கல்லாவும் உள்ள கடை இல்லை. போனிலும் டேப்லட்டிலும் இருக்கிற கடை. யார் எந்த கேமைச் செய்தாலும் இங்கேதான் அனுப்ப வேண்டும். சண்டை, பந்தயம், புதிர், சாகசம், பயம் என்று பதினோரு வகைகள். அதில் ஒன்றின் சீட்டு ஒட்டினால்தான் கேம் கடைக்குள் போகும். கடைக்குள் போகாதது யாருடைய டேப்லட்டிலும் இறங்காது. சீட்டு ஒட்டுவது வகைக்காரரின் வேலை. ஆபீஸ் வைத்த பெயர் அது. அவர் மனைவியே இரண்டொரு தடவை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட மாட்டாளா? கண்ணாடி பாட்டிலில் சர்க்கரை பளிச்சென்று தெரியும்போதே மேலே 'சர்க்கரை' என்று சீட்டு ஒட்டுகிற மனிதர்.

மாதக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது மூன்று பேர்தான். மற்ற மேஜைகளுக்கு மேல் இருந்த விளக்குகளைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன வாரம் மேனேஜர் மேடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இந்த மாசம் உங்க பேர்ல ஒரு சிவப்புக் கொடி வந்தாலும் என்னால காப்பாத்த முடியாது சார்."

சிவப்புக் கொடி கம்ப்யூட்டர் தானாகவே அனுப்புவது. ஒரு கேமின் சீட்டை இரண்டு முறை மாற்றலாம், மூன்றாம் முறை மாற்றினால் கொடி. ஏற்றிய கேமை இறக்கினால் கொடி. ஒரு கேமுக்கு ஐந்நூறு புகார் வந்தால் கொடி. ஐம்பத்திரண்டு வயதில் வெளியே போனால் எங்கே போய் வகை பிரிப்பது? அந்த வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. இதைப் பற்றியெல்லாம் வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

கேமைத் திறந்தார். ஒரு வீடு. கதவைத் திறந்து உள்ளே போகலாம். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியும். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அலமாரியில் துண்டு, டிராயரில் ஸ்பூன். மாடியில் சின்னதாக ஒரு அறை, அதில் ஒரு கட்டில். எதிரி இல்லை, பாயிண்ட் இல்லை, ஜெயிப்பதும் இல்லை தோற்பதும் இல்லை. ஏதாவது நடக்கும் என்று நாற்பது நிமிடம் நடந்து பார்த்தார். பாத்ரூம் விளக்கை அணைக்காமல் வந்துவிட்டோமே என்று திரும்பிப் போய் அணைத்ததுதான் நடந்தது.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றான் எதிர் மேஜைக்காரன். அவனுக்குப் பெயர் கலவை. எந்த கேமைக் கொடுத்தாலும் இதோடு அதைச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்பான்.

"இது எந்த வகைன்னே தெரியலைய்யா."

"வகைன்னு ஒண்ணு எதுக்கு சார்? வர்றவங்க பார்த்து, எது புடிக்குதோ எடுத்துட்டுப் போகட்டுமே."

"மருந்துக்கடையில போய் அப்படிச் சொல்லிப் பாரு. சீட்டையெல்லாம் கிழிச்சுட்டு, எந்த பாட்டில் புடிக்குதோ அதை எடுத்துக் குடி."

"நாலு மருந்தைக் கலந்துதான் சார் இருமல் மருந்தே பண்றாங்க."

"அந்த பாட்டில் மேலயும் இருமல் மருந்துன்னு சீட்டு இருக்கில்ல?"

கலவை தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சில் வகைக்காரரை யாரும் ஜெயித்ததில்லை. தோற்பதெல்லாம் வேறு இடங்களில்தான்.

கதவு, அலமாரி, டிராயர். திறந்து தேட வேண்டியிருக்கிறது. தேடினால் புதிர். 'புதிர்' சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மறுநாள் நூற்று நாற்பது புகார்கள். "மூன்று மணி நேரமாகத் தேடுகிறேன், புதிர் எங்கே?" என்று ஒருவர். "ஸ்பூன் ஏழு, துண்டு நான்கு, இது ரகசிய எண் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன், அடுத்த துப்பைக் கொடுங்கள்" என்று இன்னொருவர். அவரே அன்று மட்டும் ஒன்பது முறை எழுதினார். கடைசிக் கடிதத்தில் கெஞ்சல் இருந்தது.

வகைக்காரர் சீட்டைக் கிழித்து 'சாகசம்' என்று ஒட்டினார்.

"மாடிப்படி ஏறினேன், இறங்கினேன்" என்று ஒரு பெண்மணி எழுதினார். "என் மாமியார் முழங்கால் வலியோடு தினமும் இதைத்தான் செய்கிறார். அவரை யாரும் சாகசக்காரி என்று சொல்வதில்லை."

புகார்கள் முந்நூறைத் தொட்டன. அந்தக் குவியலில் ஒரே ஒரு கடிதம் மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. "ஆளில்லாத வீட்டில் தனியாக நடக்கும்போது என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது." மூழ்கப்போகிறவன் கையில் கயிறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு அடித்துக்கொண்டால் அது பயம். 'பயம்' என்று ஒட்டினார். அத்தோடு இரண்டு முறையும் முடிந்தது. இனி சீட்டில் கை வைக்க முடியாது.

பயப்படுவதற்கென்றே டேப்லட்டைத் திறக்கிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. "சாயங்காலம் பூரா பேய்க்காகக் காத்திருந்தேன். பாத்ரூமில் சோப்புதான் இருந்தது." "இந்தச் சீட்டை ஒட்டிய ஆளை என் வீட்டுக்கு அனுப்புங்கள், பயம் என்றால் என்ன என்று காட்டுகிறேன்." நானூற்று முப்பது.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல ஒரு வீடு பிரச்சினை."

"யார் வீடு?"

"யாருக்குத் தெரியும்?"

மறுநாள் கலவையே வந்து பக்கத்தில் நின்றான். "சீட்டை மாத்த முடியாது, அவ்வளவுதானே? கேமை மாத்தச் சொல்லுங்க. பேய் கேக்கறாங்க, ஒரு பேயைப் போடச் சொன்னா முடிஞ்சது."

பதினோரு வருடமாகப் பொருளுக்கேற்ற சீட்டு ஒட்டியவர் அவர். சீட்டுக்கேற்ற பொருளைக் கேட்பது அதுதான் முதல் தடவை. கேம் செய்தவருக்கு எழுதினார். பதில் உடனே வந்தது.

"பேய் அவசியமா சார்?"

"அவசியம். இல்லாவிட்டால் உங்கள் கேம் கடையிலிருந்து எடுக்கப்படும்."

சுத்தப் பொய். எடுத்தால் கொடி இவர் தலையில்தான் விழும். ஆனால் அந்த மனிதருக்கு அது தெரியாதே.

"தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க சார். போட்டுடறேன். சின்னப் பேயா இருந்தா பரவாயில்லையா?"

"பயம் வர வேண்டும். அளவு உங்கள் விருப்பம்."

"எந்த ரூம்ல சார்?"

வகைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு "சமையலறை" என்று எழுதினார்.

"சரி சார். மாடி ரூம் பக்கம் போகாம பார்த்துக்கறேன்."

இரண்டு நாளில் பேய் வந்தது. வெள்ளையாக, அடுப்புக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கடையில் இருந்த கேம்களிலேயே மரியாதை தெரிந்த பேய் அதுதான். "காபி போடப் போனால் நகர்ந்து வழிவிடுகிறது" என்று ஒருவர் எழுதினார். "இதைவிட என் மேலதிகாரி பயங்கரமானவர்" என்று இன்னொருவர். நானூற்று எழுபத்தாறு.

"துரத்தணும் சார்," என்றான் கலவை. அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "பேய் துரத்தினா நாம ஓடணும். ஓடினா அது பந்தயம். முப்பது செகண்டுல வாசலுக்கு வரணும்னு வைங்க. வர முடியலைன்னா கையில ஒரு துடைப்பத்தைக் குடுங்க, அது சண்டை. எங்க ஒளியறதுன்னு கண்டுபிடிக்கணும், அது புதிர். ஒரே வீட்டுல எல்லாம் வந்துடும்!"

"அது கேம் இல்லய்யா, சந்தை."

"கொடி வேணுமா, சந்தை வேணுமா?"

வகைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நானூற்று எண்பத்து மூன்று. ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார். எழுதும்போது, உப்பையும் சர்க்கரையையும் ஒரே பாட்டிலில் கொட்டுகிற மாதிரி அவருக்குக் கை கூசியது.

"எல்லா ரூமுக்கும் துரத்தணுமா சார்? மாடி ரூமுக்குமா?"

"எல்லா அறைக்கும்."

"அந்த ஒரு ரூமை மட்டும் விட்டுடலாமே சார்."

"விதிவிலக்கு கிடையாது."

அடுத்த பதில் சாயங்காலம்தான் வந்தது.

"துடைப்பத்தால அடிச்சா போயிடுமில்ல சார்?"

"போகக்கூடாது. போனால் கேம் முடிந்துவிடும். திரும்பத் திரும்ப வர வேண்டும்."

"சரி சார்," என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தச் 'சரி'யை வகைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனோ அது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை போகும்போது மேடத்திடம் தானே சொல்லப்போகிற சரி மாதிரி இருந்தது.

புகார் நானூற்றுத் தொண்ணூற்று ஆறில் நின்றது. நின்றது என்றால் செத்தே போனது. ஜனங்கள் ஸ்பூனை வீசிக்கொண்டும் துடைப்பத்தைச் சுழற்றிக்கொண்டும் மாடிப்படியில் உருண்டுகொண்டும் அந்த வீட்டில் ஓடினார்கள். பந்தயக்காரர்கள் வந்தார்கள், சண்டைக்காரர்கள் வந்தார்கள், பேய்க்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ரகசிய எண் கண்டுபிடித்த மனிதர் மட்டும் இன்னமும் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே வாரத்தில் கடையின் முதல் பக்கத்தில் முதல் கேம் அதுதான்.

மேடம் கூப்பிட்டார். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது.

"எல்லாத்தையும் கலக்கற ஐடியா உங்களோடதா சார்?"

பின்னால் கலவை இருமினான்.

"ஆமாம் மேடம்," என்றார் வகைக்காரர். பொய் சொல்வது அவருக்கு இப்போது பழகிவிட்டது.

"ஒரு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் போட்டிருக்கேன். பன்னிரண்டாவதா ஒரு சீட்டும் அடிச்சுடுங்க, 'கலவை'ன்னு. இனிமே வகையெல்லாம் யார் சார் பார்க்கறாங்க?"

கையெழுத்துப் போட்டார். சந்தோஷம் வரும் என்று பஸ்ஸில் வழி நெடுகக் காத்திருந்தார். பேய்க்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த சோப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

வீட்டில் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் தனியா இதை மனசுல வச்சுக்கிட்டா இருந்தீங்க? அதான் வேலை இருக்கே, இன்னும் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"என் வேலை இருக்கு. நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் போயிடுச்சு. எது எதுன்னு தெரிஞ்சா மனுஷனுக்குப் பயம் இருக்காது, அதுக்குத்தான் சீட்டுன்னு நம்பினேன். அது யாருக்குமே வேண்டியதில்லையாம்."

"நமக்கு வேணும். எனக்கு அந்த பாட்டில் சீட்டைப் பார்த்தாதான் சமைக்க வரும்," என்றாள் அவள். அவரைத் தேற்றத்தான் சொன்னாள். அவருக்கும் அது தெரிந்தது. இருந்தாலும் கொஞ்சம் சாப்பிட்டார்.

புதுக் கான்ட்ராக்டில் அவர் படிக்காத வரி ஒன்று இருந்தது. புகார் போன் இனி அவர் மேஜையில். மறுநாள் காலையில் நாற்காலியில் உட்காரும் முன்பே அது அடித்தது.

எடுத்தார். சின்னப் பெண் குழந்தையின் குரல். ஆறேழு வயது இருக்கும். பின்னால் நிறையக் குழந்தைகளின் சத்தம் கேட்டது.

"கேம் கடைங்களா?"

"ஆமாம்மா. சொல்லு, எந்த கேம்?"

"பேய் துரத்துமே, அந்த வீடு."

வகைக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதல் பக்கத்தில் முதல் கேம். பேனாவை எடுத்தார். "அதுல என்னம்மா புகார்? பேய் சரியா துரத்தலையா?"

"அது கேம் இல்ல அங்கிள், எங்க மாமா வீடு. வெள்ளிக்கிழமை என்னை ஹாஸ்டல்லேருந்து அங்க கூட்டிட்டுப் போறாங்க, இனிமே நான் அங்கதான் இருக்கணுமாம், எது எது எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா பயமா இருக்காதுன்னு மாமா எனக்காகச் செஞ்சது. அந்தப் பேயை நீங்கதான் வரச் சொன்னீங்களாம், எப்ப வந்து அதைக் கூட்டிட்டுப் போவீங்க?"