பல்லுக்குப் பூசிய பூட்டு

என் வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதையைவிட என் பல்லுக்கு இருக்கும் மரியாதை அதிகம். இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மலேசியாவில், பத்து பகாட் ஊரில் ஒரு துணி ஆலையில் ஒரு ஷிப்ட்டையே கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் நான். நான் முறைத்தால் ஆள் மட்டுமல்ல, மெஷினும் ஒழுங்காக ஓடும். அப்படிப்பட்ட காளிதாஸ், யோங் பெங்கில் தன் சொந்த வீட்டில், தானே சுமந்து வந்த மாவில் சுட்ட முறுக்கைத் தொடக்கூடாதாம். அதுவும் தீபாவளிக்கு! சட்டம் போட்டவள் என் மனைவி செல்வராணி. இது எந்த ஊர் நியாயம்?

நடந்தது இதுதான். ஐஸ் தண்ணீர் குடிக்கும்போது 'ஸ்ஸ்' என்றேன். ஒரே ஒரு 'ஸ்ஸ்'. மனிதன் தன் வீட்டில் ஒரு 'ஸ்ஸ்' கூடச் சொல்லக்கூடாதா? திங்கட்கிழமை சாயங்காலமே என்னைப் பல் டாக்டர் ஷர்மினியின் நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டாள். பக்கத்தில் தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கிள், வாயை நல்லாத் தொறங்க."

அங்கிளாம்! எனக்கு முடி முன்னால் மட்டும்தான் போயிருக்கிறது.

"ஈறு ஓரத்துல சாக்பீஸ் மாதிரி வெள்ளையாத் தெரியுது பாருங்க. சொத்தையோட ஆரம்பம். நல்ல வேளை, இன்னும் ஓட்டை விழல."

"வெள்ளையா இருந்தா நல்லதுதானே டாக்டர்?"

"இந்த வெள்ளை நல்லதில்ல அங்கிள். நீங்க சாப்பிடற இனிப்பை வாயில இருக்கற கிருமியும் சாப்பிடும். சாப்பிட்டுட்டு ஆசிட் விடும். அந்த ஆசிட் பல்லுல இருக்கற சத்தைக் கரைச்சு எடுத்துடும். ஒரு நாளைக்கு எத்தன தே தாரேக் குடிப்பீங்க?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒரே ஒரு பெரிய பாட்டில் டாக்டர்," என்றாள் செல்வராணி. "காலைல இனிப்பான சூசுப் பாலை ஊத்தி டீ நெரப்பிக்கிட்டுப் போவாரு. ஷிப்ட் முடியற வரைக்கும் உறிஞ்சிக்கிட்டே இருப்பாரு."

"அதான் விஷயம். ஒரேயடியா குடிச்சா எச்சில் வந்து சரி பண்ணிடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சினா பல்லுக்கு ஓய்வே கிடையாது."

பல்லுக்கு ஓய்வு! இந்த வீட்டில் எனக்கே அது கிடையாது. அதைப் பற்றி எந்த டாக்டர் கவலைப்பட்டார்?

"இப்ப என்ன செய்யலாம்?" என்று செல்வராணிதான் கேட்டாள். வாய் என்னுடையது.

"ஃப்ளோரைட் வார்னிஷ் பூசலாம் ஆன்ட்டி. எச்சில்ல இருக்கற கால்சியத்தை மறுபடியும் பல்லுக்குள்ள சேர்க்க ஃப்ளோரைட் உதவி பண்ணும். ஓட்டை விழறதுக்கு முன்னாடின்னா பல்லு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்க வாய்ப்பிருக்கு. ஓட்டை விழுந்துட்டா ஃப்ளோரைட்டால அடைக்க முடியாது. ட்ரில்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து அறையில் அந்தச் சத்தம் கேட்டது. 'ஸ்ர்ர்ர்ர்ர்.' என் இரண்டு காலும் தானாக மேலே எழும்பின. ஆலையில் நூறு மெஷின் ஒன்றாக அலறினாலும் அசையாதவன் நான். ஆனால் அந்த ஒரு சத்தத்துக்கு எனக்குப் பயம். சத்தியமாகப் பயம். வார்னிஷை அப்புறம் பார்க்கலாம் என்று காரை எடுக்க ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

"அந்தப் பல்லு சரியாகற வரைக்கும் உங்களுக்குப் பலகாரம் கெடையாது."

"தீபாவளி வருது ராணி!"

"தீபாவளி வருஷா வருஷம் வரும். இந்த வயசுல பல்லு இன்னொரு தடவை வராது."

செவ்வாய்க்கிழமை முழுவதும் பொருமினேன். புதன்கிழமை காலை தேநீர் இடைவேளையில்தான் எனக்குப் பளிச்சென்று பட்டது. ஆலையில் மெஷின் ரிப்பேர் ஆனால் என்ன செய்கிறோம்? சரி செய்து அன்றைக்கே ஓட்டுகிறோம். துணியைப் போட்டு மூடியா வைக்கிறோம்? பல்லுக்கும் அதே நியாயம்தான்! வார்னிஷைப் பூசு, வாயை ஓட்டு. டாக்டர் சொன்னதை வைத்தே செல்வராணியை மடக்கிவிடலாம். இப்படியொரு மூளையை வைத்துக்கொண்டு நான் வெறும் சூப்பர்வைசராக இருப்பதே இந்த நாட்டுக்கு நஷ்டம்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தேன்.

"ராணி, நான் வார்னிஷ் பூசிக்கப் போறேன்."

"பூசிக்கலாங்க. தீபாவளி முடியட்டும்."

"முடியாது. தீபாவளிக்கு முன்னாடியே பூசணும்."

"இப்ப வேணாம்லா. பலகார வேலை தலைக்கு மேல கெடக்கு. உங்ககூட யாரு கிளினிக்ல வந்து உக்காந்திருக்கறது?"

"நான் என்ன பச்சைப் பிள்ளையா? தனியா போறேன். பலகாரம் என்னிக்கு சுடற?"

"சனிக்கிழமை."

"அப்ப சனிக்கிழமை காலைலயே பூசிக்கறேன். வீட்டுக்கு வந்ததும் சட்டியிலேர்ந்து எடுக்கற மொத முறுக்கு எனக்கு. ரிப்பேர் பண்ணின பல்லை நீ தடுக்க முடியாது."

"அன்னிக்கே வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

"அன்னிக்கேதான்!"

செல்வராணி பெருமூச்சு விட்டாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் என்னிடம் தோற்று நான் பார்த்ததில்லை. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"சரி, உங்க பிடிவாதம். டாக்டர் பூசினது பூசினபடி இருந்தா நான் தடுக்க மாட்டேன். நடுவுல நீங்க அதைக் கெடுத்துக்கிட்டா மட்டும் பேச்சு மாறிடும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சனிக்கிழமை காலை கிளினிக் திறக்கும்போது வாசலில் நான்தான் நின்றேன். வார்னிஷ் என்றால் கதவுக்கும் மேசைக்கும் அடிப்பது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். டாக்டர் ஷர்மினி என் பல்லைத் துடைத்துக் காய வைத்து, சின்ன பிரஷ்ஷால் மஞ்சளாக எதையோ தொட்டுத் தொட்டுத் தடவினார். ஊசி இல்லை, ட்ரில் இல்லை. நான் நாற்காலியிலிருந்து குதிக்காத குறையாக எழுந்தேன்.

"ஒரு நிமிஷம் அங்கிள். இன்னிக்கு முழுக்கக் கடினமானது, சூடானது, ஒட்டறது எதையும் சாப்பிடாதீங்க. ராத்திரி பல்லு விளக்க வேணாம். நாளைக்குக் காலைல ஃப்ளோரைட் பற்பசையில விளக்குங்க. நுரையைத் துப்புங்க, தண்ணி ஊத்திக் கொப்பளிக்காதீங்க."

எனக்குக் காது அடைத்தது.

"டாக்டர்... முறுக்கு?"

"கடினம்."

"சட்டியிலேர்ந்து அப்பவே எடுத்த முறுக்கு?"

"சூடும் சேர்ந்துடுச்சே அங்கிள்."

"அதிரசம்?"

"ஒட்டும்."

"பின்ன மனுஷன் எதைத்தான் திங்கறது?"

"ஆறின கஞ்சி. தயிர் சாதம்."

"தெரியாம ஒரு கடி கடிச்சிட்டா?"

"பூச்சு உரிஞ்சிடும். அது கொஞ்ச நேரம் பல்லுல ஒட்டியிருந்தாத்தான் மருந்து இறங்கும். இல்லாட்டி அந்த வெள்ளை ஓட்டையாகலாம். அப்புறம்..."

பக்கத்து அறையில் 'ஸ்ர்ர்ர்ர்ர்.' நான் காருக்கு ஓடிவிட்டேன்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போதே வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. அடுப்படியில் செல்வராணி ஓர் ஆளாக நின்று ஒரு படைக்குச் சுட்டு வைத்திருந்தாள். முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்து நீட்டினாள்.

"வாங்க வாங்க. மொத முறுக்கு உங்களுக்குத்தான்னு எடுத்து வச்சிருக்கேன். இந்தாங்க."

"வேணாம்."

"ஏங்க? இதுக்குத்தானே அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"டாக்டர் இன்னிக்குக் கூடாதுன்னுட்டாங்க."

"அலமாக்! அப்படியா சொன்னாங்க?"

கண்ணை எவ்வளவு பெரிதாகத் திறந்தாள் தெரியுமா? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நெய் வாசனையில் மூளை வேலை செய்யவில்லை.

"சரி, சும்மாதானே இருக்கீங்க? பலகார டின்னையெல்லாம் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடுங்க. கடைசியா செடெனாக்ல உங்க தங்கச்சி வீடு."

வருடா வருடம் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. வழியில் ஒவ்வொரு டின்னிலும் கொஞ்சம் ருசி பார்ப்பதும் என் பொறுப்பு. எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் நம் வீட்டு மானம் அல்லவா போகும்? ஆலையில்கூடத் துணியைச் சோதிக்காமல் வெளியே அனுப்புவதில்லை. இந்த வருடம் அந்தச் சோதனையும் கிடையாது. பலகாரம் என் கையில், நான் டாக்டர் கையில்.

முதலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ரோஸ். சூடான தேநீரை நீட்டி, "மினும்லா, அபாங்," என்று குடிக்கச் சொன்னார். பல்லைக் காட்டி, "தாக் போலே," முடியாது என்றேன். அவர் டின்னைத் திறந்து பார்த்து, "வா, தாஹுன் இனி பானியாக்!" என்று கூவினார். இந்த வருடம் நிறைய இருக்கிறதாம். அது என்ன, 'இந்த வருடம்'? போன வருடம் என்ன குறைந்துவிட்டது? கேட்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நெடுஞ்சாலை. பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்த டின். கார் முழுக்க நெய். மாச்சாப் ஓய்விடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. காரை ஓரங்கட்டி, மூடியைத் திறந்து, ஒரு நெய் உருண்டையைக் கையில் எடுத்தேன். உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இது கடினமும் இல்லை, சூடும் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். நாக்கு பல்லைத் தடவியது. சொரசொரவென்று பூச்சு. காதுக்குள் 'ஸ்ர்ர்ர்ர்ர்'. உருண்டையை வைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு மனிதனை நெய் உருண்டைக்கு முன்னால் அழவைக்கிற வைத்தியம் என்ன வைத்தியம்?

செடெனாக்கில் தங்கை மலர் வாசலிலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் விஜிதா. ஏப்ரலில் அவளுக்குக் கல்யாணம். மலர் என்னை உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அண்ணே, வாயைத் தொறங்க."

"என்னது?"

"தொறங்கண்ணே, சும்மா. விஜி, லைட் அடி."

விஜிதா கைப்பேசி விளக்கை என் வாய்க்குள் அடித்தாள். "மாமா, இன்னும் கொஞ்சம் பெருசா," என்றாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள்! கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் நான்! 'கிளிக்' என்று படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள்.

"பூச்சு அப்படியே இருக்கும்மா."

மலர் டின்னைத் திறந்தாள். மூடி வரைக்கும் பலகாரம். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணி சொன்ன மாதிரியே நெறஞ்சு வந்திருக்கு! பாவம் அண்ணி. வருஷா வருஷம் பாதி டின்னு வரும்போதெல்லாம், அண்ணிக்குக் கை சுருங்கிப் போச்சுன்னு நான் மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தானே தெரியுது."

"அண்ணி சொன்னாளா? எப்ப?"

"திங்கக்கிழமை போன் பண்ணாங்க. 'இந்த சனிக்கிழமை உங்க அண்ணன் பல்லுல மருந்து பூசிக்கிட்டு வருவாரு, டின்னு முழுசா வந்து சேரும், பாத்துக்க'ன்னாங்க."

திங்கட்கிழமை! எனக்கு அந்த யோசனை உதித்தது புதன்கிழமை! நான் நினைப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நான் நினைக்கப்போவதைத் தங்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். என் மூளைக்குள்கூட எனக்குத் தனி அறை கிடையாதா? உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ராணி! இது அநியாயம்! இதெல்லாம் கூடாதுன்னு டாக்டர் சொல்வாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியும்!"

"தெரியாம என்னங்க? அன்னிக்கு நீங்க காரை எடுக்கப் போனப்ப டாக்டர்கிட்ட நின்னு விவரமா கேட்டேன். ஆனா நான்தான் வேணாம் வேணாம்னு அத்தன தடவை சொன்னேனே?"

"வேணாம்னு சொன்னா நான் செய்வேன்னு தெரிஞ்சுதானே சொன்ன!"

"சரி விடுங்க. உங்களுக்குன்னு ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் ஒரேயடியா தின்னுக்கலாம். நாள் முழுக்கக் கொறிக்கறதுதான் கூடாது. உங்க பல்லு நல்லா இருக்கணும்னுதானே இவ்வளவும்?"

குரல் கொஞ்சம் இளகி வந்தது. எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

"இருந்தாலும் ராணி, இந்த ஒரு தடவையோட சரி. இனிமே நான் ஏமாற மாட்டேன்."

"ஒரு தடவை பூசினாப் பத்தாதாங்க, ஆறு மாசத்துல மறுபடியும் பூசணுமாம். விஜிதா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்ப் பலகாரத்தை நீங்கதானே எடுத்துக்கிட்டுப் போகணும்? அன்னிக்குக் காலைலயே டாக்டர்கிட்ட டேட் வாங்கிட்டேன்."