ஒரிஜினல் பாட்டில்

பிரிண்டரிலிருந்து வந்த முதல் போட்டோவை ஷ்ரேயா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா, நாளைக்கு எனக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம்தானே? கதகளி இல்லையே?"

சந்திரமௌலி எட்டிப் பார்த்தார். மகளின் முகம் பசேலென்று இருந்தது. பின்னால் நின்ற வாழை இலையோ ரத்தச் சிவப்பு.

மொத்தம் நூற்றைம்பது போட்டோ அட்டைகள். நாளை மாலை மயிலாப்பூர் சபாவில், தாம்பூலப் பையோடு ஒவ்வொருவர் கையிலும் போயாக வேண்டும். ஸ்டுடியோக்காரர்களைக் கேட்டாயிற்று. முகூர்த்த நாள், திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்றுவிட்டார்கள்.

அடுக்களையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். "ஏன்னா, கம்பெனி இங்க்தானே வாங்கிண்டு வந்தேள்?"

"பின்னே? நீதானே ஊத்தினே. லேபிளைப் பாக்கலையா?"

"லேபிள் சரிதான். சீல் உடைஞ்சிருந்துதே?"

"கடையிலேயே திறந்து காட்டச் சொன்னேன். தேங்காயையே நான் தட்டிப் பாக்காம வாங்கறதில்லை."

லேபிள் கம்பெனியுடையதுதான். உள்ளே இருந்ததுதான் வேறு.

சந்திரமௌலி பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை. தன் கல்யாணத்தில், தாலி கட்டிய கையோடு எழுந்துபோய் மண்டப வாடகையில் ஐந்நூறு குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர். அந்த வீட்டில் அவர் கை படாத ஒரே கொள்முதல் இந்த இங்க். மூன்று வருடமாக அது ஸ்ரீலக்ஷ்மியின் இலாகா. இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவாள், நான்கு பாட்டிலோடு திரும்புவாள். "போட்டோ விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாதுன்னா. கம்பெனின்னா கம்பெனிதான்" என்பாள். அரங்கேற்ற அலைச்சலில் இந்த முறை அவரை அனுப்பும்படி ஆயிற்று.

தி.நகர் ஷோரூமில் அவர் நியாயமாகத்தான் ஆரம்பித்தார்.

"கேஷா குடுத்தா எவ்வளவு?"

"அதே விலைதான் சார்."

"நாலு பாட்டில் சேர்த்து வாங்கினா?"

"நாலு மடங்கு சார்."

இப்படிப் பேசுகிறவனோடு என்ன வியாபாரம் செய்வது? ஸ்கூட்டரை ராயப்பேட்டைக்குத் திருப்பினார். அங்கே ஆசிஃப் என்பவர் கடையில் லோக்கல் இங்க், நான்கு பாட்டில் எண்ணூறு என்று தொடங்கி ஐந்நூற்று ஐம்பதில் முடிந்தது. இடையில் கழிந்த அரைமணி நேரம், அவருக்கு அந்த மாதத்திலேயே இன்பமான அரைமணி.

மனைவியை ஏமாற்றுவதும் எளிதாகத்தான் இருந்தது. கம்பெனியின் பழைய பாட்டில்கள் நான்கும் அலமாரிக்குப் பின்னால் அலம்பிக் கவிழ்த்துத் தயாராக இருந்தன. ஸ்ரீலக்ஷ்மி எதையும் தூக்கிப் போடுகிறவள் அல்ல. சட்டைக்குள் மறைத்துக் கீழே கொண்டுபோய், ஸ்கூட்டருக்குப் பின்னால் குந்தி, புனல் வைத்து ஊற்றினார். பாட்டிலுக்குள் எல்லா இங்க்கும் கறுப்பாகத்தான் தெரிகிறது; எது எந்த நிறம் என்று மூடியின் நிறம்தான் சொல்லும். அந்த நேரம் பார்த்து எதிர் ஃப்ளாட் வேம்பு, "என்ன மௌலி, ஒளிஞ்சுண்டு என்ன ஊத்திண்டிருக்கே?" என்று குரல் கொடுக்க, கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த பாட்டிலில் திருகிக்கொண்டு எழுந்தார்.

இப்போது பச்சை முகத்தைப் பார்த்தபடி தாடையைச் சொறிந்தார்.

"சிவப்பு பத்தலை. அதான் விஷயம்." கம்ப்யூட்டரில் சிவப்பைத் தாராளமாக ஏற்றினார்.

இரண்டாவது போட்டோவில் பச்சை இன்னும் கெட்டிப்பட்டது.

"மதுரை மீனாட்சியாவே ஆயிட்டேன்," என்றாள் ஷ்ரேயா. "கையில கிளி ஒண்ணுதான் பாக்கி. அப்பா, பேசாம கம்பெனிக்குப் போன் பண்ணட்டுமா? ஆளை அனுப்புவா."

"வேண்டாம்!"

கத்தியது இரண்டு குரல்கள். ஒன்று அவருடையது, இன்னொன்று ஸ்ரீலக்ஷ்மியுடையது.

"அவா வரதுக்கு ஒரு வாரம் ஆகும்டி," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

மனைவி இப்படித் தன் பக்கம் பேசி எத்தனை வருடம் ஆயிற்று! சந்திரமௌலிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது; கூடவே குத்தியது. நேராக மறுபடி தி.நகர் போனார். சிவப்பு ஒரு பாட்டில் கேட்டார். சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுத்தார். காலையில் பார்த்த அதே விற்பனையாளர் பயந்துபோய் அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தார்.

வீட்டில் ஆள் இல்லாத சமயம் பார்த்து, அந்த நிஜமான கம்பெனி சிவப்பைப் பிரிண்டரின் சிவப்பு டேங்கில் விளிம்புவரை ஊற்றினார்.

மூன்றாவது போட்டோ கத்திரிக்காய் நிறத்தில் வந்தது.

இந்த முறை ஷ்ரேயா கிண்டல் செய்யவில்லை. "பத்து வருஷம் ஆடியிருக்கேம்பா. எல்லாரும் இதையா ஆத்துக்கு எடுத்துண்டு போகணும்?" என்றாள். கண்ணோரத்தில் ஈரம்.

சந்திரமௌலி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார்.

"பிரிண்டருக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல ஒரு மெக்கானிக் நம்பர் இருந்தது," என்று அவளே தொடர்ந்தாள். "கூப்பிட்டுட்டேன். இப்போ வந்துடுவார்."

"ஸ்டிக்கரா? எந்த ஸ்டிக்கர்?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, அடுக்களைப் பக்கம் நகர்ந்தபடி.

அழைப்பு மணி அடித்தது. ஷ்ரேயா கதவைத் திறந்தாள். கையில் பையோடு நின்றவர் ராயப்பேட்டை ஆசிஃப்.

அவர் சந்திரமௌலியைப் பார்த்து வாய் திறந்தார். சந்திரமௌலி மகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து உதட்டில் விரலை வைத்தார். ஆசிஃப் வாயை மூடிக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார். அங்கே என்ன பார்த்தாரோ, மறுபடி திறந்த வாயை மறுபடியும் மூடிக்கொண்டார்.

மூடியைக் கழற்றி, ஊசிக்குழாயில் இங்க்கை உறிஞ்சி, காகிதத்தில் சொட்டுவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நீல டேங்க்ல செவப்பு கீது, செவப்பு டேங்க்ல நீலம் கீது. ரொப்பச்சொல்ல மாறிக்கீது. கழுவிட்டு வேற ஊத்தினா ஆச்சு. கையில இங்க் கொண்டாந்துகீறேன். பயப்படாத, நூத்தம்பதும் இன்னிக்கே வந்துடும்."

ஷ்ரேயா மூச்சு விட்டாள். உடனே புருவத்தைச் சுருக்கினாள். "கம்பெனி பாட்டில்ல எப்படிண்ணா மாறும்?"

சந்திரமௌலி முந்திக்கொண்டார். "எவனோ கம்பெனி பாட்டில்ல லோக்கல் சரக்கை அடைச்சு வித்திருக்கான்! அந்தக் கண்றாவியை ஊத்தினா மூஞ்சி இப்படித்தான் வரும்."

"நன்னா சொன்னேள்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, அவரைவிட வேகமாக. "அந்த மாதிரி சாக்கடைத் தண்ணியெல்லாம் நம்மாத்து வாசப்படியே மிதிக்கப்படாது."

ஆசிஃப் ஊசிக்குழாயைக் கீழே வைத்தார். சந்திரமௌலியின் விரல் அவசரமாக உதட்டுக்குப் போயிற்று. ஆசிஃப் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"தோ பாரும்மா, என்னை இன்னா வேணா சொல்லு, என் சரக்கைச் சொல்லாத. மூணு வருசமா உங்கம்மா இதே பாட்டில்லதான் நம்ம இங்க்கை ரொப்பிக்கினு வராங்க. ஒருதபா கூட அவங்களுக்குக் கலர் மாறினதில்ல!"