வாசப்படிக்குக் கேட்காத கொசு

எந்த இடத்துக்குள்ளும் மற்ற மனிதர்களைப் போலச் சாதாரணமாக நுழையத் தெரியாத ஆள் ஒருவர் காஞ்சிபுரத்தில் உண்டென்றால் அது வாசப்படிதான். சலூனுக்குப் போவார். நேராகப் போய் நாற்காலியில் உட்கார மாட்டார். வாசலில் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கடையை மேலும் கீழும் பார்ப்பார்.

"உள்ள வந்தா இன்னா செய்வாங்கன்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியலியேப்பா."

முடிவெட்டுகிறவர் கத்தரியைத் தூக்கிக் காட்டுவார். ஒருமுறை கன்னம் வீங்கிப்போய் பல் டாக்டரிடம் போனவர், போர்டில் டாக்டரின் படிப்பு பெரிதாகவும் பல் சின்னதாகவும் இருப்பதை வாசலில் நின்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்ததில் அவருடைய டோக்கன் தாண்டிப் போய்விட்டது. வீங்கிய கன்னத்தோடு ஆபீஸுக்கு வந்து, "தப்பு அந்த போர்டு மேலதான்" என்றார்.

ஆபீஸ் என்பது ரங்கசாமி குளம் பக்கம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த ஒற்றை அறை. முதலாளி தேவி அக்கா, நான், வாசப்படி. இணையத்தில் லேண்டிங் பேஜ் செய்வது தொழில். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் 'நல்ல மெத்தை' என்று தேடுகிறீர்கள். மேலே 'விளம்பரம்' என்று சின்னதாகப் போட்டு ஒரு வரி வருகிறது. தொட்டால் ஒரு பக்கம் திறக்கிறது. அது மெத்தைக் கம்பெனியின் பக்கம் இல்லை, எங்களுடையது. அதைப் படித்து, அதிலிருக்கும் பட்டனை அழுத்தி, கம்பெனிக்குப் போய் நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன். வாங்காமல் போனாலும் நீங்கள் தொட்டதற்கு நாங்கள் காசு கட்ட வேண்டும். யார் தொடுகிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று நாளெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, உட்கார்ந்த இடத்தில் பயப்படுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

அந்த லேண்டிங் பேஜுக்கு அவர் வைத்த பெயர்தான் வாசப்படி. நாளடைவில் அவருக்கே அது பெயராகிவிட்டது. எங்களிடம் வருவதற்கு முன், கோயில் பார்க்க டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பட்டுப்புடவைக் கடைகளுக்குக் கூட்டிப் போய் விட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தார். தேவி அக்கா இந்தத் தொழிலை அவருக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"இதுல இன்னாமா புதுசு? நான் வெயில்ல நின்னுக்கினு பண்ணேன். நீ ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கினு பண்ற."

அவருடைய சித்தாந்தம் இரண்டே வரி. பஸ் பக்கம் நின்று 'தறி பாக்கலாம் வாங்க' என்று கூப்பிட்டால், கூட்டிப் போகும் கடையின் வாசப்படியில் தறி தெரிய வேண்டும். கதவு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு வைத்தால் வந்தவன் எதில் போவது என்று நின்றுகொண்டே இருப்பான். விளம்பரத்தில் சொன்னது பக்கத்தில் முதல் வரியாக இருக்கட்டும், பட்டன் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உலகத்தையே அப்படித் திருத்தப் பார்த்தார்.

தேவி அக்காவின் சித்தப்பா பெண்ணுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். மண்டபத்து வாசலில் வாசப்படி நின்றுவிட்டார்.

"கல்யாணத்துக்கு வர்றவன் இன்னாத்த தேடிக்கினு வர்றான், சொல்லு."

"பொண்ணு மாப்பிள்ளையதான்" என்றேன்.

"சோறுப்பா."

எங்கிருந்தோ ஓர் அட்டையைப் பிடித்து, சிவப்பில் அம்புக்குறி போட்டு, 'சாப்பாடு இந்தப் பக்கம்' என்று எழுதி மாட்டினார். இரண்டு கதவு கூடாதே என்று மேடைக்குப் போகிற கதவைச் சாத்தியும் வைத்தார். கெட்டிமேளம் கொட்டியபோது மண்டபத்தில் பெண், மாப்பிள்ளை, ஐயர், போட்டோக்காரர், மேளக்காரர்கள் ஆகியோர் மட்டும் இருந்தார்கள். நாதஸ்வரக்காரர்தான் ஒரு கையால் அட்சதை போட்டார். சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"ஜனங்கள்லாம் எங்கபா?"

"பந்தியில இருக்காங்க சார். ஒருத்தர் கூட வழி கேக்கல" என்றார் வாசப்படி பெருமையாக.

இப்படிப்பட்டவரின் கையில்தான் எங்கள் ஆபீஸின் உயிர் வந்து நின்றது. மெத்தை ஓடவில்லை, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினும் ஓடவில்லை. கடைசியாகக் கிடைத்தது காது மெஷின். தேவி அக்காவின் அப்பா தன் அரிசி மில்லில் மகளுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார். இதுவும் ஓடாவிட்டால் ஆபீஸை மூடிவிட்டு மில்லுக்கு வருவதாக அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். அக்காவுக்காவது மில் இருந்தது. எனக்கு எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இருந்தது.

கம்பெனி அனுப்பிய படத்தை வைத்து முதல் பக்கத்தைப் போட்டோம். ஒரு பெரியவர் வாய் நிறையச் சிரிக்கிறார். ஜனங்கள் தொட்டார்கள், பார்த்தார்கள், ஓடினார்கள். வாசப்படி போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அது அவருடைய பரிசோதனைச்சாலை. டீ குடிக்கிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டுவார், கண் இமைப்பதற்குள் பிடுங்கிக்கொள்வார், "இன்னா பாத்தே?" என்பார். அன்று இதைத் தூரத்திலிருந்து பார்த்த ஒருவர் செல்போன் திருடன் என்று அவரைப் பிடித்துக்கொண்டார். தன் போனைத் தானே திருடியதற்காக அடி வாங்கவிருந்தவர், பிடித்தவரின் முகத்துக்கு நேரேயும் போனை நீட்டி, "சரி, நீ இன்னா பாத்தே?" என்று கேட்டார்.

"பல்லு செட்டு விளம்பரம்" என்றார் பிடித்தவர்.

பஸ் ஸ்டாண்டில் மொத்தப் பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே சிரிக்கிற பெரியவரைத் தூக்கிவிட்டோம்.

அப்புறம் ஜனங்கள் உண்மையில் என்ன எழுதித் தேடுகிறார்கள் என்பதை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'அப்பா டிவி சத்தம் குறைக்க வழி.' 'மாமியார் காது கேட்காத மாதிரி நடிக்கிறாரா எப்படிக் கண்டுபிடிப்பது.' 'தாத்தாவிடம் கத்தி தொண்டை வலி என்ன மருந்து.'

வாசப்படி எழுந்து நின்றார். "காது கேக்காதவன் தேடலப்பா. அவன்கூட குடித்தனம் பண்றவன் தேடறான்."

'வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதா?' என்று தலைப்பை மாற்றினார். மகன்களும் மருமகள்களும் பட்டனை அழுத்தி, பெயரும் போன் நம்பரும் கேட்கும் படிவத்தை நிரப்பித் தள்ளினார்கள். நான் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் கம்பெனி போன் செய்தபோது அந்தந்த வீட்டுப் பெரியவர்களே எடுத்தார்கள். "எனக்கா? எனக்கு நல்லா கேக்குதே. எவன் சொன்னது?" ஆர்டர் எல்லாம் ரத்து. எங்களால் பல குடும்பங்களில் சண்டை நடந்ததுதான் மிச்சம்.

"பொடவக் கடையில பொண்ணு கைய காட்டும், எடுக்கறது அம்மா" என்றார் வாசப்படி. "அம்மாவ உள்ள கூட்டாம பில்லு போட்டா எப்டி? பெரிசுக்கே தனக்கு கேக்கலன்னு தெரியணும். நாம சொல்லக்கூடாது, வாசப்படி சொல்லணும்."

அதற்காக அவர் செய்ததுதான் சத்தப் பரீட்சை. பக்கத்தைத் திறந்தால் வரிசையாகச் சத்தங்கள் வரும், கேட்கிறதைத் தொட வேண்டும். தறிச் சத்தம், குக்கர் விசில், பால்காரர் சைக்கிள் மணி, கடைசியில் கொசு. வயதானால் கீச்சென்ற சத்தம்தான் முதலில் போகுமாம். தறிக்கும் குக்கருக்கும் அவரே அலைந்தார். கொசு என் பங்கு. ஆபீஸ் பாத்ரூமுக்குள் போனை வைத்துக் கதவைச் சாத்தினேன். காஞ்சிபுரத்தில் அதற்கு மேல் முயற்சி எதுவும் தேவைப்படவில்லை.

பக்கத்தை ஓட்டிப் பார்த்தோம். வாசப்படி முகம் சுளித்தார்.

"கொசு வரலியேப்பா. நீ சரியா ஏத்தல."

மறுபடி ஏற்றினேன். வரவில்லை என்றார். இன்னும் சத்தமாக வைத்து ஏற்றினேன். வரவில்லை. டீ கொண்டு வந்தவர் அந்த நேரம் உள்ளே வந்தார், கொசுவைப் போட்டதும் தன் கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டார். தேவி அக்கா ஏற்கெனவே முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, கொசு வருது" என்றார் அக்கா மெதுவாக. அது கேட்கவில்லை என்று தெரிந்து உரக்கச் சொன்னார். "கொசு வருதுண்ணா. உங்களுக்குத்தான் வரல."

"எனக்கு காது நல்லா இருக்குதுமா. அந்த ஸ்பீக்கர பாரு" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பெரியவர்களே தோற்றுப்போய் பெரியவர்களே பட்டனை அழுத்தினார்கள். அந்த நல்ல செய்தியோடு இன்னொரு கடிதமும் கம்பெனியிலிருந்து வந்தது. ஒரு படிவம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே நிரப்பப்பட்டிருக்கிறது. தன் விளம்பரத்தைத் தானே தொடுவதும், தன் படிவத்தைத் தானே நிரப்புவதும் இந்தத் தொழிலில் பெரிய குற்றம். எங்கள் கணக்கை நிறுத்தி வைத்திருப்பதாகவும், சரியான விளக்கம் வராவிட்டால் மூடிவிடுவதாகவும் எழுதியிருந்தார்கள். படிவத்தில் இருந்த பெயர் வாசப்படியின் நிஜப் பெயர். எங்களுக்கே அதை நினைவுபடுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்களாண்ணா போட்டீங்க?"

"டெஸ்ட்டுமா. பட்டன் வேல செய்யுதான்னு பாத்தேன்."

"டெஸ்ட்டுன்னு சொன்னா மூடிடுவாங்க. பொய் ஆளுங்கள அனுப்பறோம்னு ஆயிடும். நெசமாவே உங்களுக்கு வேணும்னு போட்டிருந்தா, காது டெஸ்ட் பண்ண சீட்டு அனுப்பலாம். கமிஷனும் வேணாம்னு சொல்லிடலாம். அப்ப ஒருவேள உடுவாங்க."

"எனக்கு வேணாம்மா" என்றார் வாசப்படி. "டெஸ்ட்டுதான்."

அக்கா மில்லுக்குப் போன் செய்யப் போனார். நான் எதிரே உட்கார்ந்து வாசப்படியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து செருப்பை மாட்டினார். "வா, காது டெஸ்ட் பண்ற எடத்துக்கு போலாம். என் காது எப்டி இருக்குதுன்னு அவங்க வாயாலயே கேளு."

காது பார்க்கும் இடத்தில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, மாட்டிக்கொள்ள ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். டெஸ்ட் செய்கிற பெண் வெளியே உட்கார்ந்திருந்தார். நானும் வெளியே. வாசப்படி உட்கார்ந்த உடனே அழுத்தினார். மறுபடி அழுத்தினார். காலிங் பெல் போல அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் மைக்கில் குனிந்தார்.

"ஐயா, நான் இன்னும் சத்தமே வெக்கலீங்க."

வாசப்படி கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா தெரியவில்லை. அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்ததோ அதுவும் தெரியவில்லை. பட்டனை மடியில் வைத்தார், ஹெட்போனைச் சரி செய்துகொண்டார்.

"மறுபடி வெய்மா. இப்ப நெசமா அமுத்தறேன்."

அந்தப் பெண் சத்தம் வைத்தார். திரையில் ஒவ்வொரு கோடாக ஏறியது. வாசப்படியின் கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

டெஸ்ட் சீட்டு கம்பெனிக்குப் போயிற்று. கம்பெனி நான்கு வரியில் எங்களைக் கண்டித்துவிட்டுக் கணக்கைத் திறந்துவிட்டது. மில் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டார்கள். காது மெஷின் கூரியரில் வந்தது. வாசப்படி அதை ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டு, முதலில் அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஃபேனு இவ்ளோ சத்தம் போடுதா?"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "யார்கூடபா பேசிக்கினு இருக்க?"

"யார்கூடவும் இல்லணா. காலைலேந்து தொட்டுக்கினே இருக்காங்க, யாரும் வாங்கல. அதான் சும்மா."

"டெய்லி இப்டிதான் பேசுவியா?"

"ஆமாணா. நீங்க கூட ஒவ்வொரு தடவையும் 'சரியாயிடும்பா'ன்னு சொல்லுவீங்களே."

"நீ வாய அசைப்ப. நான் உன் மூஞ்சிய பாத்துட்டு சொல்றதுதான். நீ இன்னா பேசுனேன்னு எனக்கெப்டி தெரியும்?"

அதன் பிறகு நான் அந்த ஆபீஸில் இருந்தவரை, நான் புலம்ப ஆரம்பித்தால் அவர் கை காதுக்குப் போகும். மெஷினைக் கழற்றி வைக்கப் போகிறார் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.