முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

கிழக்குத் தாம்பரம்,
1998 டிசம்பர், வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் சபைக்குள் செயலர் பதவியும் பெற்ற மச்சான் வேதசிரோமணி அவர்களுக்கு,

உங்கள் தங்கை மெட்டில்டாவின் கணவன் எழுதிக்கொள்வது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே அனைவரும் சுகம். கீழ்க்கட்டளையில் அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்பீர்கள். முயன்று பார்த்தேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே நீங்கள், "கண்ண மூடுங்க மாப்ள, ஜெபிப்போம்" என்று தொடங்கிவிடுகிறீர்கள். ஜெபத்தின் நடுவே ஒருவரைத் திட்டி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் ஆமென் சொல்வதற்குள் பூத்துக்கு வெளியே நிற்பவர் கண்ணாடியைத் தட்டுகிறார்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. வளைகுடாவில், கடலுக்கு நடுவே ஓர் இரும்பு மேடையில், எண்ணெய்க் குழாய்களின் வால்வுகள் அழுத்தம் தாங்குமா என்று சோதித்துக்கொண்டிருந்தவன் நான். இந்த ஆண்டு கச்சா எண்ணெய் விலை விழுந்தது. விழுந்த இடம் என் தலை. கம்பெனி ஆளுக்கொரு கைக்கடிகாரமும் விமான டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டு ராஜகோபால், "எண்ணெய் வெல கொறஞ்சா நல்லதுதானே சார்" என்கிறார். குரோம்பேட்டை பெட்ரோல் பங்க்கில் ஒரு பைசா குறைந்ததாக நான் பார்க்கவில்லை. குறைந்தவன் நான் மட்டுமே. மற்றவர்கள் பேப்பரில் ராசிபலன் பார்ப்பதுபோல நான் எண்ணெய் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஏஜென்சிகளில், "மார்க்கெட் ஏறட்டும் சார்" என்றார்கள். உள்ளூர்ப் பட்டறைகளில், "நீங்க ஃபாரின் ஆளு, நம்ம சம்பளம் கட்டுப்படி ஆவாது" என்று டீ வாங்கிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

கடைசியில் அகப்பட்டவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை லோகநாதன். சர்க்கரை ஆலைகளுக்கு வால்வு செய்கிறார். செய்ததைச் சோதிக்க ஆள் இல்லை. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, எங்கே கசியும் என்று காட்டினேன். "திங்கக்கெயம வா சார், பேசி முட்ச்சிக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து மெட்டில்டாவிடம், இன்னும் முடிவாகவில்லை, யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கிடைத்த நன்மைக்கு நன்றியாகச் சபையார் பணம் வைத்துக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை வாசிக்க எழுந்தீர்கள். பிறந்தநாள், கல்யாணநாள், திருட்டுப் போன ஸ்கூட்டர் திரும்பக் கிடைத்தது, பித்தப்பைக் கல் தானாகக் கரைந்தது, அதற்கடுத்து, "சகோதரர் ஐசக் அவர்களுக்கு நல்ல வேலையைக் கட்டளையிட்ட தேவனுக்கு நன்றியாக, குடும்பத்தார்." நான் மெட்டில்டாவைப் பார்த்தேன். மெட்டில்டா உங்களைப் பார்த்தாள். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள்.

அப்போதே எழுந்து நின்று, இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியே வந்ததும் சாராள் டீச்சர் தொடங்கி ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். ஊர் திரும்பிய நாளிலிருந்து என் கையை யாரும் குலுக்கியதில்லை, மச்சான். கொஞ்ச நேரம் குலுக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. வாசலில் உங்களைப் பிடித்து, "இன்னும் முடியலையே மச்சான்" என்றேன்.

"முடியறதுக்கு முன்னாடி சொல்றதுதான் மாப்ள விசுவாசம். கெடச்சப்புறம் எவன் வேணாலும் நன்றி சொல்லுவான்."

"கெடைக்கலைன்னா?"

"பாத்தீங்களா, இந்த வாயிதான் உங்கள இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு!"

இது முதல் தடவையும் அல்ல. என் மகள் பிறப்பதற்கு முன்பே ஆண் குழந்தைக்காக நன்றி சொல்லிவிட்டவர் நீங்கள். அவள் நடக்கத் தொடங்கும்வரை பையன் சட்டைதான் போட்டாள்.

உங்கள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஞானசௌந்தரி, லோகநாதன் ஆபீசில்தான் கணக்கு எழுதுகிறாள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வேலை கேட்டுப் போனதை உள்ளேயிருந்து அவள் பார்த்திருக்கிறாள். முதலாளி வீணாகக் காத்திருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அன்று மாலையே, "ஐசக் அங்கிளுக்கு வேற நல்ல வேலை கெடச்சிடுச்சு சார், சர்ச்சுலயே சொல்லிட்டாங்க" என்று போனில் தெரிவித்திருக்கிறாள். திங்கட்கிழமை சலவைச் சட்டையோடு போய் நிற்கிறேன்.

"வா சார், வா சார்! ஸ்வீட் எங்க?" என்றார் லோகநாதன்.

"எதுக்கு?"

"இன்னா சார் தெரியாத மாரி கேக்குற? வேல கெட்ச்சிச்சாமே! நானே நெனச்சேன், இவ்ளோ பட்ச்சவரு நம்ம கொட்டாய்க்கு எங்க வரப்போறாருன்னு. நேத்தே நம்ம மச்சான் துளசிங்கத்தப் போட்டுட்டேன்."

"அவருக்கு டெஸ்டிங் தெரியுமா?"

"லாரி ஓட்டுவான் சார். கத்துக்குவான். அது கெடக்கட்டும், நீ இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்த?"

அந்த நல்ல வேலை நீ தருவதாக இருந்த வேலைதான் அய்யா என்று நான் கத்தியிருக்கலாம். ஆனால் ஞானசௌந்தரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றேன். மரியாதை தெரிந்த மனுஷன் என்று சொல்லி, டீயோடு பன்னும் வாங்கித் தந்தார். எனக்கு வாய்த்த மச்சான் வேலையைக் கெடுக்கிறார், லோகநாதனுக்கு வாய்த்த மச்சானுக்கு வேலை கிடைக்கிறது!

கை குலுக்கியவர்களிடம் இனி எப்படி இல்லை என்பது? அன்றிலிருந்து ஊருக்கு நான் உத்தியோகஸ்தன். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் களைத்துத் திரும்புகிறேன். உண்மையாகவே களைப்பாகத்தான் இருக்கிறது. போன வாரம் சுந்தர்சிங் வந்தான், என்னைப் போலவே வளைகுடாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன், இரண்டு சின்னப் பிள்ளைகள். "அண்ணா, உங்க கம்பெனியில எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்று பயோடேட்டாவை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். எம்.டி.யிடம் பேசுகிறேன் என்றும் சொன்னேன். எம்.டி. யார் என்று கேட்டிருந்தால் உங்களைத்தான் காட்டியிருப்பேன். கேட்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிப் போனான். மச்சான், அந்தத் தாளையும் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் நூலகத்துக்குச் சுமக்கிறேன்.

ஆகவே வரும் ஞாயிறு நீங்கள் எழுந்து, "ஐசக்குக்கு வேலை கிடைக்கவில்லை" என்று அதே குரலில் வாசிக்க வேண்டும். காணிக்கை தேவனிடமே இருக்கட்டும். இனி என் வாசற்படி மிதிக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் கேக்கும் அனுப்ப வேண்டாம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்களுக்கு நாவடக்கம் அருளி கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஞானசௌந்தரி வந்தாள். துளசிங்கம் காற்றழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு வால்வைக் கூரை வழியாக வெளியே அனுப்பிவிட்டானாம். யாருக்கும் அடியில்லை. "அந்த சார அவுங்க கம்பெனில வுடுவாங்களான்னு கேளு, அங்க குடுக்கறதுக்கு மேலயே நான் குடுக்கறேன்" என்று லோகநாதன் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேலை கேட்டுப் போய் நின்றபோது பன் கொடுத்து அனுப்பியவர், வேறு கம்பெனிக்காரன் என்று நம்பி இப்போது ஏலம் கேட்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. மெட்டில்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கம்பெனியே கெடையாதும்மா. நாளைக்குக் காலையில வந்து உங்க முதலாளிகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

"அப்ப சர்ச்சுல சொன்னது அங்கிள்?"

"சர்ச்சு கொஞ்சம் முந்திக்கிச்சு."

உண்மையைக் கேட்டபின் அவர் என்னைச் சேர்ப்பாரா, பழையபடி டீயோடு அனுப்புவாரா, தெரியாது. சேர்த்தால் சுந்தர்சிங் பெயரையும் சொல்லத்தான் போகிறேன். முடிவு என்னவென்று நானே சொல்லும்வரை தயவுசெய்து எந்தக் கவரையும் தொடாதீர்கள். வேலை கிடைத்துவிட்டால், எல்லாம் உங்கள் விசுவாசம் என்று ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவீர்கள். அதற்குக் கிடைக்காமலே போகலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான். வாசற்படி விஷயத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். கேக்கை அனுப்பலாம். எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன். வேலை கிடைத்தால் இது யாரோ எழுதிய மொட்டைக் கடிதம். கிடைக்காவிட்டால் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.