நாலாவது வாளி

எங்கள் மாட்டைக் கொன்ற முட்டாள் நான்தான். கத்தி எடுக்கவில்லை, கேன்டீன் சோறு எடுத்தேன். (சிரிக்கலாம். எங்கள் வீட்டில் பழகிவிட்டது.)

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், ஒரு பீஸ் முடிய எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பது என் வேலை. வீடு சூளகிரிப் பக்கம். மனைவி மல்லிகா ஒரு சீமை மாடு வைத்திருந்தாள். என் சம்பளம் தேதிக்கு வராத மாதங்களிலும் வீட்டில் அடுப்பு எரிந்தது அதன் பாலால்தான்.

ஒரு நாள் அவள் மத்தூரில் உள்ள தங்கை வீட்டுக்குப் போனாள். "ஏங்க, வைக்கோலு மட்டும் போடுங்க. சோத்தக் கண்ணுல காட்டாதீங்க."

அன்று உற்பத்தி லைன் நின்றுபோய்ப் பாதிப் பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள். கேன்டீனில் சோறு மலையாக மீந்தது. வீணாகலாமா? இரண்டு கேனில் பைக்கில் கட்டிக் கொண்டுவந்தேன்.

வாளியை வைத்துவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். (பழக்க தோஷம்.) முதல் வாளி நாலு நிமிடம். இரண்டாவது ஆறு. மூன்றாவது பதினொன்று; மாமியார் வீட்டில் மறுசோறு விழுந்த புது மாப்பிள்ளை மாதிரி மென்றது.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு முனியப்பா பதறினார். "போதும் சார், நிறுத்துங்க!"

"வேகம் கொறையுது பாருங்க. வயிறு நெறஞ்சா அதுவே நிறுத்தும். அதுக்குத் தெரியாதா?"

நாலாவது வாளியில் பாதியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேரத்தைப் பெருமையாக டைரியில் எழுதினேன்.

காலையில் மாடு எழவில்லை. இடது வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. மாட்டு டாக்டரிடம் டைரியை நீட்டினேன். (அதையும் செய்தேன்.)

"நெறஞ்சுதாம்பா நிறுத்திச்சு. ஆனா சோறு உள்ள போயித்தான் புளிக்கும். அது மாட்டுக்குத் தெரியறப்ப வாளி காலியாயிருக்கும்."

ஊசி போட்டார், மருந்து ஊற்றினார். மதியத்துக்குள் முடிந்தது.

மல்லிகா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, நிதானமாகச் சுருட்டி, ஆணியில் மாட்டினாள். ஆறு வருடமாக அது அங்கேயே தொங்குகிறது. அடுத்த மாடு வரவில்லை.

போன ஞாயிறு வீட்டில் கறிக்குழம்பு. மூன்றாவது முறை சோற்றுக்குத் தட்டை நீட்டினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நான் மெல்வதையே பார்த்தாள்.

"வேகம் கொறஞ்சிருச்சு. எந்திரிங்க."