சம்பந்தி அனுப்பிய ரோஜா

“அப்பா, அந்த சாட்டிங் ஆப்பை ஜல்தி அப்டேட் பண்ணுங்க. அதோட மெமரியில ஓட்டையாம்!” என்றாள் சங்கவி.

விழுப்புரம் கண்ணையன் மீசைக்குள் சிரித்தார். “ஓட்டைன்னா? ஒழுவுமா?”

“ஒழுவும்ப்பா. கோளாறான படம் ஒண்ணை யாராச்சும் அனுப்பினா, நீங்க மத்தவங்களுக்கு எழுதினதெல்லாம் அவங்களுக்குப் போயிடும்.”

சிரிப்பு நின்றது. திண்டிவனத்துச் சம்பந்தி சக்கரபாணி தினமும் ரோஜாப் படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறவர். சொந்தமாக ஒரு பூ தேடச் சோம்பல்பட்டு, அதே ரோஜாவை அவருக்கே திருப்பி விடுகிறவர் கண்ணையன். நேற்று ரோஜாவைத் தொட்டதும் ஆப் அணைந்துபோனது. இன்றைக்கு ரோஜாவே வரவில்லை. வருகிற வியாழக்கிழமை சங்கவிக்கும் சக்கரபாணி மகனுக்கும் கல்யாணம்.

மச்சான் தமிழ்மணிக்கு அவர் எழுதியது கொஞ்சமா, கண்ணுங்களா? ‘சம்பந்தி ஒரு பொக்கு மல்லாட்டை. ஒடைச்சா உள்ள பருப்பே இல்ல.’ ‘அந்தம்மா வெக்கிற சாம்பாரை மாடு மோந்து பார்த்துட்டுப் போயிடும்.’ வாயில் வராத மரியாதை விரலில் மட்டும் வந்துவிடுமா?

அப்டேட் போட்டார், இடமில்லை என்றது போன். எழுதியதையெல்லாம் தமிழ்மணி பக்கத்திலும் சேர்த்து அழித்தார். உடனே தமிழ்மணி கூப்பிட்டான். பதற்றத்தில் கைபட்டு ஸ்பீக்கர் அலறியது.

“மாமா, சாம்பார் மேட்டரை ஏன் அழிச்சிட்டீங்க? சூப்பரா இருந்துச்சே!”

மனைவி கோவிந்தம்மாள் கரண்டியோடு வந்தாள். “நான் உங்க காதுல சொன்னதை எழுதி வேற வெச்சீங்களா?”

“பேஜாரு பண்ணாத. சம்பந்திகிட்டயே பேசிடறேன்.”

சக்கரபாணிக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. விடாமல் அடித்தார். கடைசியில் சுவிட்ச் ஆஃப்.

“படிச்சிட்டுக் கொதிச்சிக்கினு இருக்காருடி!”

“பின்ன கொஞ்சுவாரா? நேரா போய்க் கால்ல விழுங்க. எம் பொண்ணு கல்யாணம் நின்னுச்சுன்னா, உங்களுக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது.”

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். அந்தச் சாம்பாரை எப்படிப் புகழ்வது என்பதுதான் பிடிபடவில்லை. மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்; கடையிலேயே விலை குறைந்த சீப்பு.

திண்டிவனத்தில் சம்பந்தி வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு முனியம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“சக்கரபாணி இல்லீங்களா?”

“புருஷனும் பொண்டாட்டியும் விழுப்புரம் போயிருக்காங்க. ‘கஞ்சப் பிசினாறி, கல்யாணப் பந்தியில மோரை ஊத்தியே அனுப்பிடுவான்’னு சம்பந்தியைப் பத்தி இவரு எழுதினது, அவரு திருப்பி அனுப்பின ரோஜாவால அந்த மனுஷன் போனுக்கே போயிடுச்சாம். அவரு விடாம கூப்பிடவே, பயந்து போனை அணைச்சிப்புட்டு அவரு கால்ல விழ ஓடியிருக்காங்க... ஆமா, நீங்க யாருங்க?”